பிளாஸ்மாவிலிருந்து ஆலைக் குளத்துக்கு: பருவநிலை அறக்கட்டளை வேலைக்கு மாறும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட ஊரில் வளர்ந்து, அணுக்கரு இணைவு ஆய்வில் இருப்பவர் பருவநிலை நிதி வழங்கும் அறக்கட்டளைக்கு மாற நினைத்தால், வேலையை விடும் முன், ஒரு திட்டத்துக்குக் கொடுக்கும் பணம் எவ்வளவு வாயுவைத் தடுக்கும் என்று இரண்டு பக்க மதிப்பீடு ஒன்றை எழுதிவிட வேண்டும். ஆய்வுக்கட்டுரைப் பட்டியலைவிட அதுதான் பேசும். தலைப்பைத் தேடி அலைய வேண்டாம். செம்பனை (பாமாயில்) ஆலையின் கழிவுநீர்க் குளம் போதும். அந்த நீர் அழுகும்போது மீத்தேன் கலந்த உயிர்வாயு கிளம்புகிறது.

ஒரு டன் பழக்குலைக்குச் சுமார் 0.65 கனமீட்டர் கழிவுநீர். ஒரு கனமீட்டர் கழிவுநீரில் ஏறக்குறைய 28 கனமீட்டர் உயிர்வாயு, அதில் 60 சதவீதம் மீத்தேன். ஆண்டுக்கு 2 லட்சம் டன் குலை அரைக்கும் ஆலை என்றால், 100 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடாக்கும் என்று வைத்து, ஆண்டுக்குச் சுமார் 43,000 டன் கரியமில வாயுவுக்குச் சமம் வரும். இது உச்ச அளவு. திறந்த குளம் இவ்வளவு விடாது. மூடினாலும் கசியும், ஆலை பழுதாகும், பழம் குறையும் மாதங்களும் உண்டு. ஆண்டுக்கு 30,000 டன் என்று வையுங்கள். குளத்தை மூடி வாயுவை எரிக்க 60 லட்சம் வெள்ளி (ரிங்கிட்), ஆயுள் 10 ஆண்டு என்று கொண்டால், தடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 20 வெள்ளி.

இங்கேதான் உங்கள் பழைய தொழில் உதவும். 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் தேசியப் பற்றவைப்பு மையத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தியதில் அணுக்கரு இணைவிலிருந்து 3.15 மெகாஜூல் கிடைத்தது. ஆனால் லேசரை இயக்க மின்கட்டத்திலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். கணக்கின் எல்லைக்கோடு எங்கே என்று கேட்கும் பழக்கம் உங்களுக்குக் கைவந்தது. கொடைப் பணத்திலும் அதையே கேளுங்கள்: நம் பணம் இல்லாமலே ஆலை இதைச் செய்திருக்குமா? மலேசியாவில் 2014 முதல் புதிய ஆலைகளும் கொள்ளளவைக் கூட்டும் ஆலைகளும் உயிர்வாயுவைப் பிடிக்கவோ மீத்தேன் உருவாகாமல் தவிர்க்கவோ வேண்டும். அவற்றுக்குக் கொடுத்தால் கூடுதல் பலன் கிட்டத்தட்ட பூஜ்யம். பழைய ஆலை தானே செய்ய 50 சதவீத வாய்ப்பு இருந்தால் விலை 40 வெள்ளியாகும். புதியவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த வரியில்தான்.

மின்சாரம் தயாரிக்கும் திட்டமானால் இரண்டைச் சோதியுங்கள்: வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடை நீக்கும் ஸ்கிரப்பர் உண்டா (இல்லையேல் எஞ்சின் அரித்துப்போகும்), இணைக்க வேண்டிய மின்கம்பி எவ்வளவு தூரம். கழிவுநீர் 80 டிகிரிக்கு மேல் சூடாக வரும். ஆற்றாமல் விட்டால் தொட்டியில் உயிர்வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர் செத்துவிடும்.

ஆலைக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். குளம் எப்போது நுரைக்கிறது, எந்த மாதம் நாற்றம் கூடுகிறது என்பது தோட்டக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். தமிழில் கேட்டால் சொல்வார்கள்.

மதிப்பீட்டைக் கணக்குத் தாளோடு அறக்கட்டளைக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் மேல், கீழ் வரம்பு இருக்கட்டும். முதலில் பகுதிநேரத் தொழில்நுட்ப மதிப்பீட்டாளர் பணி கேளுங்கள், முழுநேரம் பிறகு.