மதிய மந்தத்துக்கு அஷ்ட சூரணம்: என் அனுபவம்

மதியச் சாப்பாட்டுக்குப் பின் வயிறு கல்லாகி, மூன்று மணிக்குக் கண் சொக்குவதை ஆயுர்வேதம் மந்தாக்னி, அதாவது செரிமானத் தீ மந்தமாவது என்கிறது. எனக்குக் கைகொடுத்தது எட்டுச் சரக்கு சேர்ந்த பொடியான அஷ்ட சூரணம்.

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம். எட்டும் சம எடை. வீட்டுக்கு 10 கிராம் வீதம் போதும். சுக்கைத் தோல் சீவித் தட்டிக்கொள்ளுங்கள். மற்றதைத் தனித்தனியாக, மணம் வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும். சீரகம் கறுத்தால் பொடி முழுக்கக் கசக்கும். பெருங்காயத்தில்தான் பலர் கோட்டை விடுவது. கட்டியைக் கொஞ்சம் நெய்யில் பொரித்தால் உப்பி, விரலால் அழுத்தினாலே நொறுங்கும். பச்சையாகப் போட்டால் குமட்டும். உப்பையும் வெறும் சட்டியில் சூடுகாட்டி ஈரம் போக்காவிட்டால் பொடி கட்டிதட்டிவிடும்.

கால் டீஸ்பூன் பொடி, ஒரு டீஸ்பூன் உருக்கிய நெய், ஒரு பிடி சூடான சோறு: இதுதான் முதல் கவளமாக இருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்து மோரில் கலக்குவது வேறு கணக்கு. கூடவே ராத்திரித் தயிரையும் நிறுத்தினேன். பாதி குணம் அதில்தான் என்று நினைக்கிறேன்.

நெஞ்செரிச்சல், அல்சர், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம்.