டர்பன் வீட்டுத் தோட்டம்: முதல் ஆண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையோர நகரான டர்பனில் முதன்முதலாகக் கொல்லையில் காய்கறி போடும் குடும்பங்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை, தமிழ்நாட்டு வானத்துக்கு உரிய வழக்கத்தை அப்படியே இங்கே பின்பற்றுவதால் நேர்பவை. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி, தென்மேற்குப் பருவமழையின் ஈரமும் அதை அடுத்து வரும் வடகிழக்குப் பருவமழையும் பயிரைக் கரைசேர்க்கும் என்ற கணக்கில் எழுந்தது. நேட்டால் கரையோரத்தில் ஆடி என்பது நடுக் குளிர்காலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் பெய்யும் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை கொட்டித் தீர்ந்துவிடுவதால், ஜூன் முதல் ஆகஸ்டு வரை மண் காய்ந்து கிடக்கிறது. கோயம்புத்தூர்த் தோட்டக்காரர் யூடியூபில் தரும் விதைப்பு அட்டவணை அவருடைய ஊருக்குச் சரியானது. அதைப் பார்த்து இங்கே விதைப்பவருக்கு மழையும் துணை வராது, வெப்பமும் துணை வராது.

இதனால் ஆடியில் விதைக்கவே கூடாது என்று பொருளல்ல. கரையோர டர்பனில் உறைபனி விழுவதில்லை. நாமே தண்ணீர் ஊற்றத் தயாராக இருந்தால் குளிர்காலம்தான் இங்கே காய்கறிக்கு மிகச் சிறந்த பருவம். முட்டைக்கோஸ், பூக்கோசு, கேரட், பீட்ரூட், பட்டாணி ஆகியவற்றை மார்ச்சிலிருந்தே தொடங்கலாம். முதல் ஆண்டின் வழக்கமான ஏமாற்றம் தக்காளிதான். டிசம்பர், ஜனவரி மாதங்களின் ஈரமும் வெப்பமும் சேர்ந்த புழுக்கத்தில் இலைக்கருகலும் வாடல் நோயும் பழ ஈயும் ஒன்றாக வந்து, காய் சிவக்கும் முன்பே செடியை முடித்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் நாற்றுவிட்டு, வறண்ட மாதங்களில் காய்க்கும்படி அமைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையில் பாதி தானே விலகும். மழைக்காலத்துக்கு வெண்டை, கத்தரி, பாகல், சுரை, பீர்க்கு, முளைக்கீரை, மிளகாய், மடும்பி என்று இங்கே எல்லாரும் சொல்லும் சேப்பங்கிழங்கு ஆகியவை பொருந்தும். நியூகாசில், டண்டி போன்ற உள்நாட்டு ஊர்களில் உறைபனி விழுமாதலால், அங்கிருப்போர் இக்கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

விதைக்கும் நாளை மட்டும் பார்த்து, அறுக்கும் நாளைப் பார்க்காமல் விடுவது இன்னொரு தவறு. நம் வீடுகளில் காய்கறிச் செலவு உச்சத்துக்குப் போவது, மாதம் முழுவதும் மரக்கறி உண்ணும் புரட்டாசியில். செப்டம்பர் நடுவிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். முட்டைக்கோஸ் நாற்றங்காலில் நான்கைந்து வாரமும் நட்ட பின் ஏறத்தாழ மூன்று மாதமும் எடுத்துக்கொள்ளும் என்பதால், விதை மே மாதத்திலேயே மண்ணுக்குள் போக வேண்டும்; கேரட்டை ஜூன் தொடக்கத்தில் தூவலாம்; இரண்டு மாதத்தில் காய்க்கும் பீன்ஸுக்கு ஜூலை நடுப்பகுதி போதும். ஆடிப்பட்டம் இங்கேயும் பலிக்கிறது என்று சொல்லத்தக்க ஒரே பயிர் அந்த பீன்ஸ்தான், அதுவும் குழாய்த் தண்ணீரின் தயவில்! ஒரே நாளில் பொட்டலம் முழுவதையும் விதைக்காமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு வரிசையாக விதைத்தால் அறுவடை ஒரே வாரத்தில் வந்து குவியாது.

திசையிலும் இதே குழப்பம் உண்டு. தென்கோளத்தில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. வீட்டின் தென்புறத்தில் பாத்தி கட்டினால் குளிர்காலம் முழுவதும் அது சுவரின் நிழலில் கிடக்கும். பாத்தி வடபுறத்தில் இருக்க வேண்டும். பந்தலும் மக்காச்சோளமும் போல உயர்ந்து வளர்பவை அந்தப் பாத்தியின் தென்கோடியில் நிற்க வேண்டும். வீட்டு அமைப்புப் பற்றிய நம் ஊர் நூல்களைக் கொண்டு தோட்டத்துக்கு இடம் குறிப்போர் இதைத் தவறாமல் கோட்டைவிடுகிறார்கள்.

மண்ணைப் பொறுத்தவரை, பெரீயா மேட்டை ஒட்டிய பகுதிகளின் செம்மணல் பார்வைக்கு நம் ஊர்ச் செம்மண் போலத் தோன்றினாலும், நீரையும் சத்தையும் பிடித்துவைக்காத, புளிப்புச் சாய்வுள்ள மணல் அது. பக்கத்து வீட்டார் போட்டார் என்பதற்காகச் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டக்கூடாது. பீட்டர்மரிட்ஸ்பர்க் அருகே சீடாராவில் மாகாண வேளாண் துறையின் மண் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மண்ணை ஆய்வுக்கு அனுப்பி, அளவு தெரிந்த பின் இடுவதே முறை. பச்சைக் கோழி எருவை நேரடியாக இட்டால் வேர் கருகும். பச்சையாக உண்ணும் காய்களில் நோய்க்கிருமியும் ஏறும். மக்காத எருவை இட்டதிலிருந்து அறுவடை வரை ஏறத்தாழ நான்கு மாத இடைவெளி தேவை. கரும்புச் சக்கையைச் சிலர் மண்ணோடு கொத்திக் கலக்கிறார்கள். அது மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை உறிஞ்சிக்கொள்வதால் செடி மஞ்சளாகும். மேலே மூடாக்காகப் பரப்பினால் அதே சக்கை ஈரத்தைக் காக்கும். மணற்பாங்கான நிலத்தில் ஒரே இடத்தில் ஆண்டுதோறும் தக்காளியும் கத்தரியும் போட்டால் வேர்முடிச்சு நூற்புழு பெருகும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

குரங்குக்கு மருந்தில்லை. சாட்ஸ்வொர்த்திலும் புதரை ஒட்டிய பிற பகுதிகளிலும் வலை அடிக்காத தோட்டம் அதற்கே சொந்தம். தக்காளி நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைப்பது ஓரளவு உதவும்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'துரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தது. அப்படி வந்தவர்களில் பலர் ஒப்பந்தம் முடிந்த பின் சிறு நிலங்களில் காய்கறி விளைவித்து டர்பன் நகருக்கே ஊட்டினார்கள். அந்த வழி வந்த வியாபாரிகள் வார்விக் அதிகாலைச் சந்தையில் இன்னும் இருக்கிறார்கள். எந்த மாதத்தில் எந்தக் காய் மலிகிறது என்று அங்கே கவனித்தால், எந்த அட்டவணையும் சொல்லாததைக் கற்றுக்கொள்ளலாம்.

விளைந்ததைச் சேமித்து வைக்கும்போதும் பருவம் மாறியிருப்பதை மறந்துவிடுகிறோம். மிளகாயும் பாகலும் கோடையில் குவிகின்றன. கோடை வந்தால் வற்றல் போடுவது நம் பழக்கம். ஆனால் இங்கே கோடைதான் ஈரப்பதம் மிகுந்த காலம். பகல் முழுவதும் காய்ந்த துண்டு இரவில் மீண்டும் ஈரத்தை இழுத்து, மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். மழைக்கால விளைச்சலை வெயிலில் தொடங்கி, 60 பாகை செல்சியஸில் மின்னடுப்பின் (ஓவன்) கதவைச் சற்றே திறந்துவைத்து, ஒடித்தால் முறியும் பதம் வரும்வரை உலர்த்தி முடிப்பதே நம்பகமானது. வெயிலை மட்டும் நம்பும் வற்றலை ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஒத்திப்போடுங்கள்.

காய்கறி ஆச்சாரில் (ஊறுகாயில்) கெடுதி நீரிலிருந்து தொடங்குகிறது. கழுவிய கேரட், பீன்ஸ், மிளகாயை ஈரம் போகத் துடைத்துச் சில மணி நேரம் உலர்த்தாமல் எண்ணெயில் போடுவதும், புளிப்பு அதிகம் என்று வினிகரில் தண்ணீர் கலப்பதும் கூடாது. 5 விழுக்காடு அமிலம் என்று சீட்டில் குறித்த வினிகரை வாங்கி, குறிப்பில் சொன்ன அளவைக் குறைக்காமல் ஊற்றவும். பூண்டையோ பச்சை மிளகாயையோ வினிகர் இல்லாமல் எண்ணெயில் மட்டும் ஊறவைத்தால், அது குளிர்பெட்டிக்குள்ளேயே நான்கு நாளுக்கு மேல் இருக்கக்கூடாது. சமையலறை அலமாரியில் ஒரு நாளும் கூடாது.

காரணம் பாட்டுலினம் என்ற நச்சை உண்டாக்கும் கிருமி. அதன் உறங்குநிலை வித்து (ஸ்போர்) கொதிநீரின் 100 பாகை வெப்பத்திலும் சாவதில்லை. காற்று புகாத ஜாடியில், பி.எச். அளவு 4.6க்கு மேலுள்ள, அதாவது புளிப்புக் குறைந்த, உணவில் முளைத்து நஞ்சைக் கக்குகிறது. நிறமும் மணமும் மாறாமலேயே உணவு கொல்லும் அளவுக்கு நஞ்சாகலாம். ஆகவே பீன்ஸ், கேரட், பட்டாணி ஆகியவற்றைக் கன்சோல் கண்ணாடி ஜாடியில் உப்புநீரோடு நிரப்பிக் கொதிநீரில் வைத்து மூடுவது, இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் தவறுகள் அனைத்திலும் ஆபத்தானது. அழுத்தத்தை அளந்து காட்டும், ஜாடியில் அடைத்துப் பதப்படுத்துவதற்கென்றே செய்த அழுத்தக்கலன் இல்லாவிடில் அதை முயலவே வேண்டாம்; சோறு வடிக்கும் பிரஷர் குக்கர் அதற்கு மாற்றாகாது. தக்காளி எல்லைக்கோட்டில் நிற்பதால், அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் கடையில் விற்கும் புட்டி எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டு எலுமிச்சையின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும்.

எனவே பீன்ஸுக்கும் பட்டாணிக்கும் உறையவைப்பதே எளிய வழி. பச்சையாகவே பையில் அடைத்தால் சில வாரங்களில் நார்நாராகி வைக்கோல் மணம் வரும். பீன்ஸைக் கொதிநீரில் மூன்று நிமிடமும் பட்டாணியை இரண்டு நிமிடத்துக்குள்ளும் அமிழ்த்தி, உடனே பனிக்கட்டி நீரில் போட்டு ஆற்றி, துடைத்து அடைக்க வேண்டும். மின்வெட்டை நினைத்துத் தயங்குவோர் உண்டு. சுழற்சி முறையில் சில மணி நேரம் மின்சாரம் போவதால் எதுவும் கெடாது: நிறைந்த உறைபெட்டி, திறக்காமல் வைத்தால், ஏறத்தாழ 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது சில பகுதிகளில் நேர்ந்ததுபோல மின்சாரம் நாள்கணக்கில் வராவிட்டால்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். பனித்துகள் இன்னும் கையில் தட்டுப்படும் பையை மீண்டும் உறையவைக்கலாம். முழுவதும் இளகி வெதுவெதுப்பாகிவிட்டதை எருக்குழியில் கொட்டிவிட வேண்டும்.