59 வருடத்தை ஒரு கட்டுரையில் அடக்குவது எப்படி?

ஜான் டிங்கெல் பற்றி நான் முதலில் எழுதியது ஆறு பக்கம் வந்தது. படித்த அக்கா, "என்னடா இது, ரயில் அட்டவணையா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். மிஷிகன் மாநிலத்திலிருந்து 1955 டிசம்பர் முதல் 2015 ஜனவரி வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இருந்தவர் டிங்கெல். இரண்டு வருடத்துக்கு ஒரு தேர்தல் என்று 30 வெற்றி. வரிசையாக எழுதினால் அட்டவணைதான் வரும்.

முதல் வேலை, அப்பாவையும் மகனையும் பிரிப்பது. இரண்டு பேரும் ஜான் டிங்கெல்தான். அப்பா 1933 முதல் 1955இல் இறக்கும்வரை உறுப்பினர். அந்த இடத்துக்குத்தான் மகன் வந்தார். இதில் நானே ஒருமுறை குழம்பினேன். தொகுதி எண்ணையும் நம்பாதீர்கள். மகனுக்கு 15, 16, மறுபடி 15, கடைசியில் 12. எல்லையைத் திருத்தி வரையும்போது எண்ணும் மாறும். அப்புறம், காங்கிரஸ் என்றாலே நம் ஆட்களுக்குக் கட்சிதான் ஞாபகம் வரும். அங்கே அது நாடாளுமன்றம், இவர் ஜனநாயகக் கட்சிக்காரர் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, ஒரு பொருளைப் பிடியுங்கள். எனக்குக் கிடைத்தது சபைத் தலைவர் மேசையில் தட்டும் மரச்சுத்தியல். எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று 1943இல் மசோதா கொண்டுவந்தவர்களில் அப்பாவும் ஒருவர். மகன் ஒவ்வொரு புதிய காங்கிரஸிலும் அதே கோரிக்கையோடு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1965இல் சபையில் நிறைவேறியபோது தலைமை இருக்கையில் இருந்தது அவர்தான். 2010இல் ஒபாமாவின் சுகாதாரச் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, 1965இல் தட்டிய அந்தச் சுத்தியலைத்தான் அப்போதைய சபைத் தலைவர் நான்சி பெலோசியிடம் கொடுத்தார். இது கையில் வந்தபிறகு என் கட்டுரை தானே நகர்ந்தது.

முரண்பாட்டை மறைக்காதீர்கள். அழியும் உயிரினங்களைக் காக்கும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களில் இவரும் ஒருவர். அதே ஆள் கார் புகை, மைலேஜ் கட்டுப்பாடு என்று வந்தால் கார் நிறுவனங்கள் பக்கம் நின்று மல்லுக்கட்டினார். ஃபோர்டின் தலைமையகம் இருக்கும் டியர்பார்ன் இவர் தொகுதி, வேறெப்படி இருப்பார்? 2008இல் எரிசக்தி, வணிகக் குழுவின் தலைமைப் பதவியைச் சொந்தக் கட்சிக்காரரான ஹென்றி வாக்ஸ்மனிடம் 137க்கு 122 என்று இழந்தார். என் கட்டுரையில் நீளமான பத்தி இதுதான். முப்பது தேர்தல் வெற்றிக்கும் ஒரே வரி.

தொடக்கத்துக்கு 1941 டிசம்பர் 8ஐ எடுத்துக்கொண்டேன். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள் அதிபர் ரூஸ்வெல்ட் சபையில் பேசியபோது, அங்கே எடுபிடி வேலை பார்த்த 15 வயதுப் பையன் டிங்கெல். பிறந்தது 1926 ஜூலை 8, கொலராடோ ஸ்பிரிங்ஸில். அதை நான்காம் பத்தியில் ஓரமாகச் செருகினேன். அக்கா கவனிக்கவே இல்லை.