குறைந்த காசில் டெஸ்க்டொப்: புரொசெசர், மதர்போர்ட், ரேம் மூன்றையும் சேர்த்துத் தெரிவு செய்வது எப்படி?

கல்முனையில் இருக்கும் அக்காவின் மகள் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கிறாள். ஒரு வருடமாகக் காசு சேர்த்து வைத்திருந்தவள், போன மாதம் ஒரு கடையில் கொடுத்த விலைச்சீட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். முதல் வரியில் ஐ7-4770, 8 ஜிபி ரேம் ஒன்று என்றிருந்தது. கீழே அவளுடைய கேள்வி: “மாமா, நீங்க ஐ3 எண்டு சொன்னீங்க. இது ஐ7. ஐ7 தானே நல்லம்?”

மட்டக்களப்பிலும் இதே கேள்வியைப் பல பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவளுக்குச் சொன்ன பதிலை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். முதன்முதலாகக் கொம்பியூட்டர் பூட்டப் போகிறவர்களுக்காகவே எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். கணக்கிடும் மூளை புரொசெசர்; எல்லாச் சாமானும் பூட்டும் பலகை மதர்போர்ட் (போர்ட்); ஓடும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம் ரேம். புரொசெசர், மதர்போர்ட், ரேம் மூன்றும் பூட்டும் திறப்பும் போல. ஒன்றைத் தெரிவு செய்தவுடனேயே மற்ற இரண்டும் பாதி முடிவாகிவிடும். ஒவ்வொன்றிலும் மலிவானதைத் தனித்தனியாகத் தேடினால், ஒன்றோடொன்று பொருந்தாத சாமான்தான் வீட்டுக்கு வந்து சேரும்.

படி 1: கிராபிக்ஸ் கார்ட் வேண்டுமா என்று முடிவெடுங்கள்

படிப்பு, அலுவலக வேலை, புரோகிராமிங், ஓரளவு போட்டோ எடிட்டிங், பழைய கேம்கள். இவ்வளவுதான் என்றால் திரைக்குப் படம் உருவாக்கும் கிராபிக்ஸ் கார்ட் தனியாகத் தேவையில்லை. புரொசெசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் காணும்.

ஆனால் அது உள்ளே இருக்கிறதா என்று பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். புரொசெசர் செய்யும் பெரிய கம்பனிகள் இன்டெல், ஏஎம்டி இரண்டும். ஐ3, ஐ7 இன்டெலுடையவை, ரைசன் ஏஎம்டியுடையது. இன்டெலில் பெயருக்குப் பின்னால் எஃப் இருந்தால் கிராபிக்ஸ் இல்லை. ஐ3-12100 வாங்கினால் திரையில் படம் வரும். ஐ3-12100எஃப் வாங்கினால் கார்ட் போடாமல் எதுவும் வராது. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் இது மாறி இருக்கும். அங்கே ஜி என்ற எழுத்து இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. ரைசன் 5 5600ஜி இல் இருக்கிறது, வெறும் 5600 இல் இல்லை. எஃப் போட்டது சில ஆயிரம் ரூபாய் குறைவு என்பதற்காக எடுத்துவிட்டு, பிறகு கார்ட் வாங்கக் காசில்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: புரொசெசரின் பெயரை வாசியுங்கள்

இப்போது மருமகளின் கேள்விக்கு வருகிறேன். ஐ7, ஐ3 என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் மட்டுமே செல்லும் தரவரிசை. கோட்டுக்குப் பின்னால் வரும் இலக்கத்தின் தொடக்கம்தான் தலைமுறையைச் சொல்லும். ஐ7-4770 நான்காம் தலைமுறை, 2013 இல் வந்தது. ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை, 2022 இல் வந்தது.

இரண்டிலும் 4 கோர் (உள்ளே வேலை செய்யும் பகுதிகள்), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகள்). எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் புதிய கோர் ஒவ்வொரு துடிப்பிலும் செய்து முடிக்கும் வேலை மிக அதிகம். அதனால் அந்த ஐ3 இந்த ஐ7 ஐத் தெளிவாக முந்திவிடும். பழையது டிடிஆர்3 என்ற பழைய தலைமுறை ரேமோடு ஓடுவது. புதியது டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. பழையதின் வெப்ப அளவு 84 வாட், புதியதின் அடிப்படை அளவு 60 வாட். இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ரைசனில் 2000 வரிசையிலிருந்தும்தான் முறையாக ஏற்கிறது. இனிமேல் படிக்கப் போகிற பிள்ளைக்கு நான்காம் தலைமுறையை நான் வாங்கிக் கொடுக்க மாட்டேன்.

குறைந்த காசுக்கு நான் சொல்லும் புரொசெசர்கள் இரண்டு:

ஐ3-12100. அன்றாட வேலைக்கு வேகமானது. எல்ஜிஏ1700 சொக்கெட் (போர்டில் புரொசெசர் உட்காரும் இடம்) என்பதால் அதே போர்டில் பிறகு ஐ5-12400 அல்லது 13, 14 ஆம் தலைமுறை ஐ5 ஒன்றைப் போட இடமிருக்கிறது.

ரைசன் 5 5600ஜி. 6 கோர், 12 த்ரெட், 65 வாட். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ஐ3 இல் உள்ளதை விடப் பலமானது. கார்ட் இல்லாமல் கொஞ்சம் கேமும் விளையாட வேண்டும், வீடியோ எடிட்டிங்கும் பழக வேண்டும் என்றால் இதை எடுங்கள். ஆனால் இதன் ஏஎம்4 சொக்கெட் பழசாகிவிட்டது; ஏஎம்டியின் புதிய சொக்கெட் 2022 இல் வந்த ஏஎம்5. அதற்கு டிடிஆர்5 மட்டுமே பொருந்தும். கையில் காசு கொஞ்சம் கூட இருந்தால் அந்தப் பக்கமும் விலை கேட்டுப் பாருங்கள்.

இரண்டையும் பெட்டியோடு வாங்கினால், புரொசெசரின் சூட்டைத் தணிக்கும் கூலரும் உள்ளே வரும். பெட்டியில்லாத ட்ரே புரொசெசர் என்றால் கூலருக்குத் தனிச் செலவு. நம் பக்கத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறையே கொதிக்கும். ஆனாலும் இந்த இரண்டு புரொசெசருக்கும் கூடவே வரும் கூலர் போதும், கேஸில் காற்று போய் வர ஒரு ஃபேனும் இருந்தால்.

படி 3: மதர்போர்ட்

ஐ3-12100 க்கு எச்610 போர்ட் போதும். 5600ஜி க்கு ஏ520, இல்லையென்றால் பி550. எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகப் பூட்டும் வேகமான சேமிப்பகம்) போட இடம் இருக்கிறதா, உங்கள் மொனிட்டருக்குரிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் இன்னும் நீல நிற விஜிஏ வயரோடு பழைய மொனிட்டர்கள் இருக்கின்றன. விஜிஏ உள்ள போர்டாக எடுத்தால் புது மொனிட்டர் செலவைத் தள்ளிப்போடலாம்.

பாவித்த ரைசன் 3 3200ஜி மலிவாகக் கிடைக்கிறது என்று ஏ520 அல்லது பி550 போர்டோடு சேர்க்காதீர்கள். இரண்டும் ஏஎம்4 தான், பொருத்தினால் உட்காரும். ஆனால் அந்த போர்டுகள் 3200ஜி ஐ ஏற்பதில்லை. அதற்கு பி450 போன்ற பழைய போர்ட் வேண்டும்.

பி450 என்றதும் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் 5600ஜி பூட்டியபோது, கொழும்பில் ஒரு கடையில் பி450 போர்ட் வாங்கி இரவு பஸ்ஸில் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தேன். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு. இரண்டு நாள் ரேமை மாற்றினேன், வயரை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அந்த போர்ட் பல காலம் கடையில் கிடந்தது, அதிலிருந்த பயோஸ் (கொம்பியூட்டரைத் தொடக்கிவைக்கும், போர்டுக்குள் இருக்கும் மென்பொருள்) 5600ஜி வருவதற்கு முந்தியது. போர்டுக்கு அந்தப் புரொசெசர் யாரென்றே தெரியாது. காத்தான்குடியில் ஒரு நண்பரிடம் பழைய 3200ஜி ஒன்றை இரவல் வாங்கிப் போட்டேன், திரை வந்தது. பென்டிரைவ் மூலம் பயோஸைப் புதுப்பித்துவிட்டு 5600ஜி ஐத் திரும்பப் பூட்டினேன். அன்றிலிருந்து ஓடுகிறது.

ஆகவே பழைய போர்ட் வாங்கும்போது, “இதில் 5600ஜி பயோஸ் போட்டிருக்கா? போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். சில பெட்டிகளில் ‘ரைசன் 5000 டெஸ்க்டொப் ரெடி’ என்று ஒட்டியிருக்கும், அது நல்ல அடையாளம். பயோஸ் புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம். யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் கை வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்குள் வேண்டவே வேண்டாம்.

படி 4: ரேம், இரண்டாக வாங்குங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் காசை வீணாக்குகிறார்கள். 16 ஜிபி ஒன்று வாங்குவதா, 8 ஜிபி இரண்டு வாங்குவதா? கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கொம்பியூட்டருக்கு என் பதில் எப்போதும் 8 ஜிபி இரண்டு.

மட்டக்களப்புக் கல்லடியை நினைத்துப் பாருங்கள். 1924 இல் கட்டிய பழைய பாலத்தில் ஒரு பக்க வாகனம் போய் முடியும்வரை மறுபக்கம் காத்திருக்க வேண்டும். 2013 இல் புதுப் பாலம் திறந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. ரேமும் அப்படித்தான். டிடிஆர்4-3200 ரேம் ஒன்று செக்கனுக்கு 25.6 ஜிபி வரை தரவைக் கொண்டுபோகும். இரண்டைச் சரியான இடத்தில் போட்டால் அது 51.2 ஜிபி. உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, அது இந்த ரேமைத்தான் பங்கு போட்டுப் பாவிக்கிறது. 5600ஜி வாங்கி ஒற்றை ரேம் போட்டால், காசு கொடுத்து வாங்கிய கிராபிக்ஸின் பெரும்பகுதி வீணாகிறது.

இப்போதைக்கு 8 ஜிபி ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் ஒன்றை வாங்குங்கள், மற்ற இடத்தைக் காலியாக விடுங்கள். பிறகு அதே கம்பனி, அதே வேகத்தில் இன்னொன்று சேர்க்கலாம். 4 ஜிபி இரண்டு வாங்காதீர்கள். இரண்டு இடமும் அடைபட்டு, பிறகு இரண்டையும் கழற்ற வேண்டிவரும்.

எச்610 போர்டில் டிடிஆர்4 க்கு 3200 தான் உச்சம். 3600 ரேமுக்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் 3200 இலேயே ஓடும். எச்610 போர்டுகள் டிடிஆர்4 க்கு ஒன்று, டிடிஆர்5 க்கு ஒன்று என்று இருவகையாக வருகின்றன. இரண்டு ரேமிலும் 288 பின்கள்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றை மற்றதில் நுழைக்க முடியாது. பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

படி 5: கடையை விட்டு வெளியேற முன்

கொழும்பு விலையையும் மட்டக்களப்பு, கல்முனை விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சின்ன வித்தியாசம் என்றால் ஊர்க் கடையிலேயே எடுங்கள். பழுது வந்தால் ஒரு நாளும் பஸ் காசும் மிச்சம்.

எல்ஜிஏ1700 இல் பின்கள் போர்டின் சொக்கெட்டில் இருக்கின்றன. போன் டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் 1700 பின்களும் ஒரே வரிசையாக மினுங்க வேண்டும். ஒரு இடத்தில் ஒளி உடைந்து தெரிந்தால் அங்கே பின் வளைந்திருக்கிறது, அந்த போர்டை வாங்க வேண்டாம். சொக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை எறியாதீர்கள், வாரண்டிக்குக் கேட்பார்கள். ஏஎம்4 இல் பின்கள் புரொசெசரின் அடியில். பூட்டும்போது மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைச் சொக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால், அழுத்தாமலேயே தானாக உள்ளே இறங்கும். இறங்கவில்லை என்றால் திசை பிழை.

பற்றுச்சீட்டில் ஒவ்வொரு சாமானின் தொடரிலக்கமும், வாரண்டி எத்தனை வருடம் என்பதும் எழுதி வாங்குங்கள். துருவும் எரிந்த அடையாளமும் வாரண்டியில் சேராது என்று பல அட்டைகளில் எழுதியிருக்கும். கடற்கரையோரம் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: உப்புக்காற்று படும் ஜன்னலுக்குக் கீழே கேஸை வைக்காதீர்கள். பவர் சப்ளையிலும் எர்த் வயரிலும் காசு மிச்சம் பிடிக்கவும் வேண்டாம்.

படி 6: பூட்டிய பின் பார்க்க வேண்டியது

நான்கு ரேம் இடம் உள்ள போர்ட் என்றால், பெரும்பாலும் புரொசெசரிலிருந்து இரண்டாவது, நான்காவது இடங்களில் போட வேண்டும். போர்டின் கைநூலில் படம் இருக்கும். கிளிப் ‘டிக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள். விண்டோஸ் போட்டதும் டாஸ்க் மனேஜரைத் திறந்து மெமரி பகுதியைப் பாருங்கள். வேகம் 3200 என்றிருக்க வேண்டும். 2400 அல்லது 2666 என்று காட்டினால் ரேம் பழுதில்லை. பயோஸுக்குள் போய், ரேமை அதன் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்பதை இயக்கிவிட்டுச் சேமியுங்கள். சில ஏஎம்டி போர்டுகளில் அதற்கு டிஓசிபி என்று பெயர்.

மருமகள் கடைசியில் ஐ3-12100, எச்610, 8 ஜிபி இரண்டு என்று எடுத்தாள். முதல் நாள் அவளுக்கும் 2666 தான் காட்டியது. போனில் வழி சொன்னேன், அவளே பயோஸுக்குள் போய் மாற்றினாள்.