குடும்ப வரலாறு தேடுவது எப்படி: பெயரை விட்டு ஊரைப் பிடியுங்கள்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு ஒரே வேலைதான் நடந்தது. படிவத்தில் குறிப்பதற்காக, முந்தைய தீவிரத் திருத்தம் நடந்த 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா பெயர் இருக்கிறதா, அம்மா பெயர் இருக்கிறதா என்று தேடினோம். நான் அப்பாவைத் தேடியபோது அதே கதவு எண்ணில், அவருக்கு மேல் வரியில், என் அப்பாயி இருந்தார். வயது 78. கணவர் பெயர் என்ற இடத்தில் நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன தாத்தாவின் பெயர். அவ்வளவுதான், ஒரே ஒரு வரி. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தாத்தாவின் அப்பா யார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று யாரையும் கேட்டதே இல்லையே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு பைசா செலவில்லாமல் நான் தேடிப் போன வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினி தெரியாதவர்கள்கூட கைபேசியிலேயே செய்துவிடலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்ப வரலாறு பற்றி ஆங்கிலத்தில் வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடச் சொல்கின்றன. நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது. அப்பா பெயர்தான் இனிஷியல், தலைமுறைக்குத் தலைமுறை அதுவும் மாறிவிடும். மாறாமல் நிற்பது ஊரும், நிலமும், குலதெய்வமும். அதனால் பெயரைப் போட்டுத் தேடி அலுத்துப் போகாதீர்கள். ஊரைப் பிடியுங்கள், பெயர் தானாக வரும்.

முதல் படி: வீட்டில் இருக்கும் காகிதம்

இணையத்தைத் திறப்பதற்கு முன் பரணையும் பீரோவையும் திறக்க வேண்டும். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. தாத்தா பெயர், அப்பா பெயர், ஊர், தாய்மாமன் பெயர், தாய்மாமன் ஊர் எல்லாம் அதில் அச்சாகி இருக்கும். கருமாதிப் பத்திரிகையையும் விடாதீர்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட உயர்ந்தது மொய் நோட்டு. யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு எழுதினார்கள் என்பது வரிசையாக இருக்கும். உறவு விட்டுப்போன பங்காளிகளின் ஊரையும் அதில் பிடித்துவிடலாம்.

ஜாதக நோட்டு கிடைத்தால் அதில் தமிழ் ஆண்டின் பெயர்தான் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதை மறக்காதீர்கள். தாது என்று இருந்தால் அது 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். அந்த மனிதரின் பிள்ளைகள் பிறந்த காலத்தை வைத்து எது சரி என்று முடிவு செய்யுங்கள்.

வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். குலதெய்வக் கோயில் எந்த ஊரில் இருக்கிறது? காடு தோட்டம் எங்கே இருந்தது? உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் யாரை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தார்கள்? பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர்கள் சம்மதத்தோடு.

இரண்டாம் படி: பழைய வாக்காளர் பட்டியல்

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் 2002, 2005 பட்டியல்கள் பாகம் பாகமாக பிடிஎஃப் கோப்புகளாக இருக்கின்றன. சட்டமன்றத் தொகுதியைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் ஊரின் வாக்குச்சாவடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2008இல் தொகுதிகளை மறுவரையறை செய்தார்கள். அதனால் இன்றைய தொகுதிப் பெயரை வைத்துத் தேடினால் ஊர் கிடைக்காமல் போகலாம். அன்றைக்கு உங்கள் ஊர் எந்தத் தொகுதியில் இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோப்பு திறந்ததும் பெயரைத் தட்டித் தேட முயலாதீர்கள். பழைய கோப்புகள் பலவற்றில் அது வேலை செய்யாது. பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியதுதான், சின்ன ஊருக்கு அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு வரியிலும் கதவு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பாலினம், வயது இருக்கும். உங்கள் வீட்டு எண்ணில் இருக்கும் எல்லாரையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே தந்தை பெயர் உள்ளவர்கள் அடுத்தடுத்த கதவு எண்களில் இருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் பங்காளிகள்.

என் அப்பாயியின் 78ஐ 2002இலிருந்து கழித்தால் 1924 வருகிறது. இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்தத் தலைமுறையில் பலருக்கு வயது குத்துமதிப்புதான். குறிப்பேட்டில் '1924 சுமார்' என்று எழுதுங்கள். அந்தச் 'சுமார்' முக்கியம்.

மூன்றாம் படி: பட்டாவும் அ-பதிவேடும்

வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாக எழுதிய பதிவேடு), புலப்படம் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் கொடுத்தால் போதும். கைபேசிக்கு ஒரு கடவு எண் வரும், அதைப் போட்டதும் திறந்துவிடும். வீட்டில் பட்டா எண் தெரியாவிட்டால் பழைய தீர்வை ரசீதில் பாருங்கள்.

சிட்டாவில் உரிமையாளர் பெயர் 'முத்துசாமி மகன் கந்தசாமி' என்ற மாதிரி தந்தை பெயரோடு வரும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே காகிதத்தில் கிடைப்பார்கள். அ-பதிவேட்டில் எல்லாரும் தாண்டிப் போகும் ஒரு கட்டம் இருக்கிறது: பழைய புல எண், உட்பிரிவு. அதைக் கட்டாயம் எழுதி வையுங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் நிலப் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. அதற்கு முந்தைய பத்திரங்களில் பழைய எண்தான் இருக்கும்.

நிலமே இல்லாத குடும்பம் என்றால்? வீட்டு மனைக்கு நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பட்டா இருக்கிறதா என்று அதே தளத்தில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் ஐந்தாம் படியைக் கவனமாகப் படியுங்கள்.

நான்காம் படி: வில்லங்கச் சான்று

ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. வீடு வாங்கும்போது மட்டும் பார்க்கும் காகிதம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குடும்ப மரம் வரைய இதைவிட நல்ல பதிவு இலவசமாக நமக்கு வேறு இல்லை என்று இப்போது சொல்வேன்.

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்துக்குப் போங்கள். மின்னணு சேவைகளுக்குள் வில்லங்கச் சான்று, அதற்குள் வில்லங்கச் சான்றைப் பார்வையிடும் பகுதி. பயனர் கணக்கு கேட்டால் தொடங்கிக்கொள்ளுங்கள், அதற்கும் காசில்லை. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் எல்லாம் வரிசையாகக் கேட்கும். தொடக்க நாளாக 1975 ஜனவரி 1ஐயும், முடிவு நாளாக இன்றைய தேதியையும் போடுங்கள். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975இலிருந்து கணினியில் கிடைக்கிறது. புல எண்ணைக் கொடுக்கும்போது இப்போதைய உட்பிரிவோடு நிறுத்தாமல், பழைய எண்ணையும், உட்பிரிவாகப் பிரிவதற்கு முன்னிருந்த தாய் எண்ணையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். 112/3அ என்று போட்டு ஒன்றும் வராத இடத்தில் 112/3 என்று போட்டால் நான்கு பத்திரம் வரும்.

சான்று வந்ததும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஆவண எண், ஆண்டு, தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், முந்தைய ஆவண எண் ஆகியவை இருக்கும். கிரயப் பத்திரங்களை அவசரமில்லாமல் பிறகு பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: பாகப்பிரிவினை, தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம்.

பாகப்பிரிவினையில் பங்கு வாங்கிய அத்தனை பேரும் பெயரோடு நிற்பார்கள். அப்பா இல்லாத மைனர் பிள்ளைகளுக்கு அம்மா காப்பாளராக நிற்பார். அந்த ஒரு வரியிலிருந்தே ஒரு சித்தப்பா எந்த ஆண்டுக்கு முன்பு இறந்தார் என்று தெரிந்துவிடும். விடுதலைப் பத்திரத்தில் பெண்கள் வருவார்கள். பழைய பட்டாக்களில் மகள்களின் பெயரைப் பார்ப்பது அரிது. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பூர்வீகச் சொத்தில், அதுவரை மணமாகாத பெண்ணுக்கும் சம உரிமை கொடுத்தது. சொத்தை விற்கவோ பிரிக்கவோ மகள்களின் கையெழுத்தும் வேண்டும் என்ற நிலை அதற்குப் பிறகு பரவலாக வந்தது. உரிமையை விட்டுக்கொடுக்கும் காகிதத்தில்தான் எத்தனையோ அத்தைகளின் பெயர் முதல்முறையாகப் பதிவானது. அதைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்தது. ஆனாலும் பெயர் இருக்கிறது. கட்டிக்கொடுத்த ஊரும் பல பத்திரங்களில் கூடவே இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, பெயர்க் குழப்பம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். கந்தசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் கந்தசாமி என்று மாறி மாறி வரும். தாத்தாவையும் அவருடைய தாத்தாவையும் ஒரே ஆள் என்று நினைத்து நான் மூன்று மாதம் தப்பான மரம் வரைந்து வைத்திருந்தேன். எந்தப் பெயரையும் தனியாக எழுதாதீர்கள். தந்தை பெயர், ஊர், சுமாரான பிறந்த ஆண்டு மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

இரண்டாவது, சொந்தக்காரர்கள். நீங்கள் வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்கள் என்று தெரிந்தால், பங்கு கேட்டு வரப்போகிறான் என்றுதான் ஊரில் முதலில் பேசுவார்கள். அதனால் பங்காளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் சொத்து விவரத்தை வாட்ஸாப் குழுவில் போடவே போடாதீர்கள்.

ஐந்தாம் படி: கடல் தாண்டிப் போனவர்கள்

'ஒரு தாத்தா கப்பல் ஏறிப் போனார், திரும்பவே இல்லை' என்ற கதை நிறைய வீடுகளில் உண்டு. அவரைத் தேட வழி இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். முதல் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. இந்தக் கப்பல் பட்டியல்களைக் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் இணையத்தில் ஏற்றியது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அதற்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடலில் உள்ள அடையாளம். ஆளைச் சரக்கு மாதிரி எண் போட்டு ஏற்றிய கொடுமையின் பதிவுதான் அது. ஆனால் ஒரு துண்டு நிலம்கூட இல்லாதவரின் தந்தை பெயரையும் ஊரையும் அதே பதிவுதான் நமக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

இங்கேயும் ஊர்தான் சாவி. ஆனால் ஊர்ப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆகும், திருச்சி 'ட்ரிச்சினாபொலி' ஆகும், திருநெல்வேலி 'டின்னவெலி' ஆகும். ஊர்ப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நான்கைந்து விதமாக எழுதித் தேடுங்கள். அங்கே போன பிறகு கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும், முதலியார் 'மூட்லி' ஆனதும் இப்படித்தான். மாவட்டமும் அன்றைய மாவட்டமாக இருக்க வேண்டும். எங்கள் கரூர் வட்டம் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, பிறகு திருச்சிக்குப் போனது, 1995இல்தான் தனி மாவட்டம் ஆனது. 1890இல் கப்பலேறிய கரூர்க்காரரைத் திருச்சியில் தேடினால் கிடைக்கமாட்டார்.

போருக்குப் போய் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடுங்கள். இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களின் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் இருக்கும். பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும்கூட இருக்கும். சிங்கப்பூர், மலாயா பக்கம் போனவர்களுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம். பழைய செய்தித்தாள்களைத் தேதி வாரியாகப் புரட்டலாம், மரண அறிவிப்புகளை விடாமல் பாருங்கள்.

யாழ்ப்பாணத்து உறவு உள்ளவர்கள் நூலகம் தளத்துக்குப் போகாமல் இருக்கவே கூடாது. 2005இலிருந்து நடக்கும் தன்னார்வ முயற்சி அது. அங்கே ஒருவர் இறந்தால் அந்தியேட்டி (முப்பத்தோராம் நாள் சடங்கு) நாளில் நினைவு மலர் அச்சிடும் வழக்கம் உண்டு, அதைக் கல்வெட்டு என்றும் சொல்வார்கள். இறந்தவரின் வம்சாவளியே அதில் இருக்கும். அப்படிப்பட்ட மலர்களைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூட நோட்டு போதும். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள்: பட்டியலின் பாக எண், ஆவண எண், ஆண்டு. மரமாக வரைந்து சொந்தங்களோடு பகிர வேண்டுமென்றால் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கலாம். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை அது மற்றவர்களுக்குக் காட்டாது.

இனி தேட வேண்டியது பத்திரத்தையே. வில்லங்கச் சான்றில் கிடைத்த ஆவண எண்ணையும் ஆண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு ஊரில் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். சீட்டை வாங்கிப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய கட்டு ஒன்றை எடுத்து வந்தார். 1991ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரம். கடைசிப் பக்கத்தில் மூன்று பெருவிரல் ரேகை, பக்கத்தில் பத்திரம் எழுதியவர் கையால் மூன்று பெயர். இரண்டு அத்தைகளை எனக்குத் தெரியும். மூன்றாவது பெயரைக் காட்டி யார் என்று கேட்டேன். "உங்க தாத்தாவுக்கு மூத்த சம்சாரத்தோட பொண்ணு. மாயனூர்ல குடுத்தாங்க. பிள்ளைங்க இன்னும் அங்கதான் இருக்காங்க, போய்ப் பாரு" என்றார்.