முதுகில் காவிப் பட்டை விழாமல் இருக்க: சைக்கிளுக்கு மட்கார்டு தேர்ந்தெடுப்பதும் மாட்டுவதும்

மட்கார்டு இல்லாத புதுச் சைக்கிளை வாங்கிய வருடம், ஐப்பசியில் கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்குப் போய்த் திரும்பினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார். "ஏனய்யா, கோயில் மதில் போல முதுகில் பட்டை அடித்துக்கொண்டு வந்திருக்கிறாய்?" வெள்ளைச் சட்டையில் இடுப்பிலிருந்து பிடரி வரை ஒரே நேர்கோட்டில் செம்மண். அந்தச் சட்டை அதற்குப் பிறகு வெள்ளையாகவே இல்லை.

விற்கும்போதே மட்கார்டு இல்லாமல் வரும் சைக்கிள்கள் இப்போது ஏராளம். தனியாக வாங்கி மாட்டிக்கொள்வது கடினமான வேலை அல்ல. முதல் முறை இரண்டு மணி நேரம் ஆகும். ஆனால் நம் பக்கத்து மண்ணை மனத்தில் வைத்து வாங்க வேண்டும். செம்மண் சேறு டயரோடு ஒட்டிச் சுற்றி, மட்கார்டின் உட்புறத்தில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் ஓடு போல இறுகிவிடும். தண்ணீர் தெறிப்பதை மட்டும் நினைத்து டயரை ஒட்டினாற்போல் அழகாக ஒரு மட்கார்டு மாட்டினால், நான்காவது மழைக்குச் சக்கரம் உரசத் தொடங்கும். இங்கே டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் முதலில் பார்க்க வேண்டியது. நிறமும் பளபளப்பும் பிறகு.

டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

கடைக்குப் போய் "இருபத்தெட்டு இஞ்ச் சைக்கிளுக்கு" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு பெயரில் இரண்டு அளவுகள் உலவுகின்றன. டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தால் 40-622 போல ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 622 என்றால் இப்போதைய 700சி வகை. 635 என்றால் பால்காரர்களும் தபால்காரர்களும் ஓட்டிய பழைய பெரிய சைக்கிள். 584 என்பது 27.5 இஞ்ச், 559 என்பது மலைச் சைக்கிளின் 26 இஞ்ச். எண்ணைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனால் வாக்குவாதம் மிச்சம்.

மட்கார்டின் அகலம் டயரைவிடக் குறைந்தது 10 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். 40 டயருக்கு 50 அல்லது அதற்கு மேல். அதற்குக் குறைந்தால் ஓரங்களின் வழியே சேறு பிதுங்கி வந்து பாதத்தில் விழும்.

பிறகு இடைவெளி. சைக்கிளைச் சுவரில் சாய்த்து, டயரின் உச்சிக்கும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் இடத்துக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பாருங்கள். மட்கார்டும் அங்கேதான் நுழைய வேண்டும். மட்கார்டைக் கழித்து 10 மில்லிமீட்டர் மிஞ்சினால் தார்ச் சாலைக்குப் போதும். கண்மாய்க் கரையிலும் வண்டிப் பாதையிலும் போகிறவர்களுக்கு 15 வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் ஓர் அளவு மெலிந்த டயருக்கு மாறலாம்.

எந்த வகை

பிளாஸ்டிக் மட்கார்டு இலேசானது, துருப்பிடிக்காது, முதன்முதலாக மாட்டுகிறவர்களுக்கு நல்லது. அலுமினியம் பார்க்க அழகு. கொஞ்சம் வளைந்துவிட்டால் கடகட சத்தம் போகவே போகாது. இரும்பு கனமானது. ஓரத்து மடிப்பில் ஈர மண் தங்கித் துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஆனாலும் பழைய ஹெர்குலஸ் வைத்திருப்பவர்கள் அதன் இரும்பு மட்கார்டைக் கழற்ற வேண்டாம். அந்த நீளமும் அகலமும் இன்றைய மட்கார்டுகள் பலவற்றில் கிடையாது. அந்தச் சைக்கிளுக்கு நம்மோடு ஓர் உறவும் உண்டு: அதைத் தயாரித்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குப் பூர்வீகம், காரைக்குடிப் பக்கத்தில் உள்ள நம் பள்ளத்தூர்.

சீட்டுக் குழாயில் வாலைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் கிளிப் வகை முதுகை ஓரளவு காக்கும். காலையும் செயினையும் காக்காது. முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருந்து, போல்ட் துளை எதுவும் இல்லாதவர்களுக்குத்தான் அது. மற்றவர்கள் முழு நீள மட்கார்டே வாங்குங்கள்.

வாங்கும் முன் சக்கர அச்சுக்குப் பக்கத்தில் மரையுள்ள சிறு துளை இருக்கிறதா என்று பாருங்கள். மட்கார்டைத் தாங்கும் கம்பி அங்கேதான் பூட்டப்படும். துளை இல்லையென்றால் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வைத்த கவ்வி கேட்டு வாங்குங்கள். குழாயில் புதிதாகத் துளை போட்டுத் தருவதாக யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பின்பக்கம் முதலில்

பெரும்பாலான சைக்கிள்களில் 5 மில்லிமீட்டர் போல்ட்தான். 4 எண் அலன் கீ, 8 எண் ஸ்பேனர், கம்பி அறுக்க ஓர் இரும்பு ரம்பம், ஓர் அரம், கொஞ்சம் கிரீஸ், பழைய டியூப் துண்டு ஒன்று போதும். டியூபைச் சிறு வட்டங்களாக வெட்டி நடுவில் துளையிட்டால் சத்தம் தடுக்கும் வாஷர் தயார்.

பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். மட்கார்டை உள்ளே நுழைத்து, பெடல் அச்சுக்குப் பின்னால் இரு குழாய்களையும் இணைக்கும் குறுக்குத் துண்டில் அதன் கீழ் முனையையும், சீட்டுக்குக் கீழே உள்ள குறுக்குத் துண்டில் மேல் பகுதியையும் பூட்டுங்கள். மரையில் கிரீஸ் தடவுங்கள். கையால் திருகும் அளவு மட்டும் போதும். எந்த போல்ட்டையும் இப்போது இறுக்கக் கூடாது. நான் முதல் முறை செய்த தவறு இதுதான். ஒவ்வொன்றையும் மாட்டியவுடன் முறுக்கி முறுக்கி இறுக்கினேன். கடைசிக் கம்பி துளைக்கு ஒரு விரல்கடை தள்ளி நின்றது. இழுத்துப் பிடித்துப் பூட்டினேன். ஒரே மாதத்தில் போல்ட் துளையிலிருந்து பிளாஸ்டிக் விரிசல் விட்டது. மட்கார்டு தன் இயல்பான வளைவில் உட்கார வேண்டும். எட்டாத இடத்தில் வாஷரை அடுக்கி எட்ட வையுங்கள், இழுத்து வளைக்காதீர்கள்.

சக்கரத்தைத் திரும்ப மாட்டிக் கம்பிகளை அச்சோரத் துளையில் கோத்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் குறுக்கே நின்றால் அந்தப் பக்கம் மட்டும் நீண்ட போல்ட்டும் ஒரு குழல் துண்டும் தேவைப்படும்.

இனி இடைவெளியைச் சமன்செய்வது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பில் விரல் நீளத்துக்கு மூன்று துண்டுகள் வெட்டி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மூன்று இடங்களில் செருகுங்கள். மட்கார்டை அவற்றின் மேல் மெதுவாக அழுத்தினால் வளைவு டயரோடு ஒத்துப்போகும். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். டயர் நடுவில் ஓடவில்லையென்றால் இடது வலது கம்பிகளைத் தளர்த்தி நகர்த்துங்கள். சரியானதும் குறுக்குத் துண்டு போல்ட்டுகளை முதலிலும் கம்பிகளைக் கடைசியிலும் இறுக்குங்கள். பைப் துண்டுகளை உருவிவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றினால் காற்றின் ஓசை மட்டும் கேட்க வேண்டும்.

நீண்டு நிற்கும் கம்பி முனைகளை அறுத்து, அரத்தால் மழுக்கி, பிளாஸ்டிக் மூடி போடுங்கள். மழுக்காத முனை கெண்டைக்காலைக் கிழிக்கும். வேட்டியையும்தான்.

முன்பக்கம்: இதில் அலட்சியம் கூடாது

மாட்டும் முறை அதேதான், ஃபோர்க்கின் தோளில் ஒரு போல்ட்டும் அச்சோரத்தில் கம்பிகளும். ஆனால் ஆபத்து இங்கேதான். சாலையோரச் சீமைக்கருவேல விறகுத் துண்டு ஒன்று டயரோடு சுழன்று மட்கார்டுக்குள் புகுந்தால், மட்கார்டு மடங்கிச் சுருண்டு ஃபோர்க்கின் கீழ் ஆப்புப் போல இறுகும். முன் சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும். ஓட்டுகிறவர் நிற்க மாட்டார். எனக்கு அப்படி நேர்ந்தது மெதுவாகப் போனபோது. முழங்கை உராய்ந்ததோடு தப்பினேன்.

அதனால் முன் மட்கார்டின் கம்பிகள், பலமாக இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் பிளாஸ்டிக் பிடியோடு வருகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். மாட்டியபின் கையால் ஒருமுறை இழுத்துக் கழற்றிப் பார்த்துத் திரும்பப் பொருத்துங்கள். டயர் பக்கம் போல்ட் முனை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஹேண்டிலை முழுதாகத் திருப்பி, பெடலை முன்னால் கொண்டுவந்து, செருப்புக் கால் மட்கார்டில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். கொஞ்சம் இடித்தால் வளைவுகளில் பெடலை நிறுத்தி வைக்கப் பழகிக்கொள்ளலாம்.

முன் மட்கார்டின் அடியில் ஒரு ரப்பர் நாக்கு தொங்க வேண்டும். முன் டயர் அள்ளிவரும் சேறு காலிலும் செயினிலும்தான் விழுகிறது. மண் படிந்த செயின் சீக்கிரம் தேயும். கடையில் கிடைக்காவிட்டால் கெட்டியான ரப்பர் தாளை ஒரு கையகலத்துக்கு வெட்டி, இரண்டு துளையிட்டு, சிறு போல்ட்டால் பூட்டுங்கள். தரையிலிருந்து நான்கு விரல்கடை உயரத்தில் நின்றால் போதும். அதற்குக் கீழே இறங்கினால் வேகத்தடையில் மாட்டும்.

முதல் வாரம் ஓட்டியபின் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள், சாலை அதிர்வில் ஒன்றிரண்டு நிச்சயம் தளர்ந்திருக்கும். மழையில் நனைந்து வந்த அன்றே, மண் ஈரமாக இருக்கும்போதே, மட்கார்டின் உட்புறத்தைக் குச்சியால் சுரண்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். ஆனால் அதை முகப்பில் வைத்துச் செய்யாதீர்கள். ஆத்தங்குடிக் கல்லின் மேல் செம்மண் தண்ணீர் ஓடியதைப் பார்த்த அப்பத்தா என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.