சனிக்கிழமைச் சம்பளத்தில் கடனை அடைப்பது எப்படி?

வரவு செலவுத் திட்டம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். முதல் தேதி பணம் வரும், அதை முப்பது நாளுக்குப் பிரி என்பார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற எங்களைப் போன்றவர்களுக்குச் சனிக்கிழமை மாலைதான் முதல் தேதி. வரவு வாரத்துக்கு வாரம், வாடகை மாதத்துக்கு ஒருமுறை, கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, தாய்மாமன் சீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்த இடைவெளிகளில்தான் கடன் நுழைகிறது.

நான் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் ஓவர்லாக் டெய்லர். எங்கள் லைன் வீடுகளில் மகளிர் குழுவின் கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அதனால் எந்த வீட்டில் என்ன கடன், எது ஏன் தீராமல் இழுக்கிறது என்பதும் ஓரளவு தெரியும்.

முதலில் வருமானத்தை எழுதுங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற வாரத்தை வைத்து எழுதாதீர்கள், ஒரு ஷிப்ட் மட்டும் ஓடுகிற வாரத்தை வைத்து எழுதுங்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது, ஒன்றரை ஷிப்ட்டை நம்பித் தவணை ஒத்துக்கொண்ட வீடுகள்தான் முதலில் திணறின. ஆர்டர் நம் கையில் இல்லை. ஓவர்டைம் காசு வந்தால் அது கடனுக்கு, வராவிட்டாலும் அடுப்பு எரிய வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு ஷிப்ட் வாரத்துக்கு எனக்கு 2,400, அவருக்கு 3,300, மொத்தம் 5,700 ரூபாய். நான்கு வாரத்துக்கு 22,800.

அடுத்து கடன் பட்டியல். யாரிடம், எவ்வளவு பாக்கி என்று மட்டும் எழுதினால் போதாது. வட்டியை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே அளவுக்கு மாற்றி எழுத வேண்டும். ஒருவர் நூற்றுக்கு இரண்டு என்பார், ஒருவர் வாரத்துக்கு ஆயிரம் என்பார், ஒருவர் தவணையை மட்டும் சொல்லி வட்டியைச் சொல்லவே மாட்டார். நூற்றுக்கு இரண்டு என்பது மாத வட்டி, ஆண்டுக்கு 24 சதவீதம். வண்டிக் கடனில் பிளாட் வட்டி 10 சதவீதம் என்றால் கேட்கக் குறைவாக இருக்கிறது. 60,000 ரூபாய்க்கு மூன்று ஆண்டு வட்டி 18,000 சேர்த்து 36 தவணையாகப் பிரித்தால் மாதம் 2,167 வருகிறது. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டியை முழு 60,000க்கும் போட்டிருக்கிறார்கள். குறைகிற அசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 18 சதவீதம்.

வாரவட்டிதான் எல்லாவற்றிலும் மோசம். பத்தாயிரம் என்று பேர், 1,500 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் கட்ட வேண்டும். அசல் வாராவாரம் குறைவதால் அந்தப் பத்து வாரத்தில் சராசரியாக நம் கையில் இருந்த பணம் ஐயாயிரத்துக்கும் குறைவு. அதற்கு 1,500 வட்டி. ஆண்டுக் கணக்கில் 150 சதவீதத்தைத் தாண்டுகிறது.

அதிக வட்டிக் கடனை முதலில் அடை என்பது எல்லாரும் சொல்கிற அறிவுரை. நான் அதோடு ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கச் சொல்வேன்: இந்தக் கடனில் இன்று ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டினால் எனக்கு எவ்வளவு மிச்சமாகும்?

வாரவட்டிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். முன்கூட்டி முடித்தாலும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார், வட்டியை முதல் நாளே எடுத்துக்கொண்டுவிட்டார். ஆகவே அந்தக் கடனுக்கு அவசரப்பட்டுக் கூடுதலாகக் கட்டுவதில் லாபம் இல்லை. வாரம் ஆயிரத்தைத் தவறாமல் கட்டி முடியவிடுங்கள். கவனம் வேண்டியது ஏழாவது, எட்டாவது வாரத்தில். “பாக்கியைக் கழித்துக்கொண்டு புதுசாகப் பத்தாயிரம் தரட்டுமா?” என்று அவரே கேட்பார். பாக்கி 3,000, புது வட்டி 1,500 போக நம் கையில் 5,500 விழும். ஏற்கெனவே வட்டி கட்டிவிட்ட மூவாயிரத்துக்கு மறுபடி வட்டி கட்டுகிறோம் என்பதை அந்த நேரத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எங்கள் வரிசையில் தீராத கடன்களில் பாதி இப்படிப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓடுகிறவைதான். பத்தாவது வாரம் கட்டியதும் நிறுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அதற்கு மருந்து.

பதினோராவது வாரம் அந்த ஆயிரம் ரூபாய் கையில் நிற்கும். அதை வீட்டுச் செலவில் கலக்கவிடாதீர்கள். ஊரில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கிய 20,000 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 400 வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் ஐம்பது மாதத்தில் வட்டியே இருபதாயிரம் ஆகிவிடும், அசல் அப்படியே நிற்கும். அந்த நானூறை விடாமல் கட்டிக்கொண்டே, வாரவட்டி முடிந்ததில் மிச்சமான மாதம் நாலாயிரத்தையும் அசலுக்குக் கொடுத்தால் ஐந்து மாதத்தில் கதை முடிந்தது. ஆனால் கடன் கொடுத்தவர் அசலைப் பகுதி பகுதியாக வாங்கச் சம்மதிக்க வேண்டும். சிலர் “மொத்தமாகக் கொடம்மா” என்பார்கள், அவர்களுக்கு வட்டி நிற்பதில் விருப்பமில்லை. அப்படியானால் அந்தப் பணத்தை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுச் சேர்த்துக் கொடுங்கள். 500 ரூபாயில் கணக்குத் தொடங்கலாம். போனில் அந்தக் கணக்கை இணைக்காதீர்கள். போய் வரிசையில் நின்று எடுக்க வேண்டும் என்றால் பாதி ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

மைக்ரோபைனான்ஸ் குழுக் கடனில் கூடுதலாகக் கட்டினால் மிச்சம் உண்டு. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஈடில்லாமல் தருகிற இந்தக் கடன்களை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு வந்து நிற்கவும் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பாதி என்பது விதி எழுதியவர்களுக்குச் சரியாகப் பட்டிருக்கலாம். வாடகை வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாதியைத் தவணைக்குக் கொடுத்தால் சோற்றுக்கு மறுபடி கடன்தான். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால் புதுக் கடன் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது என் கணக்கு.

நகைக்கடன் தனி ரகம். வட்டி குறைவு, அதனால் கடைசியில் அடைக்கலாம் என்று தள்ளிவைப்பது சரிதான். ஆனால் பலர் ஆண்டு முடிந்ததும் வட்டியைக் கட்டி மறு அடகு வைத்துவிட்டு வருகிறார்கள், தங்கம் விலை ஏறியிருந்தால் கூடுதலாகவும் வாங்கிக்கொள்கிறார்கள். அது அடைப்பதாகாது. பெரும்பாலான வங்கிகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் இடையிலேயே அசலில் ஒரு பகுதியைக் கட்டலாம், ரசீதில் அசல் குறைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று நகை வைப்பதாக இருந்தால் தனித்தனிக் கடனாக வைப்பது நல்லது. சின்னதை முதலில் மீட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

இனி ஐந்தாவது சனிக்கிழமை. ஆண்டில் 52 வாரம், மாதத்துக்கு நான்கு என்றால் 48. மிச்சம் நான்கு சம்பளம் எங்கே போகிறது? 2026இல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களில் ஐந்து சனிக்கிழமை வருகிறது. வாடகையும் மாதத் தவணைகளும் நான்கு வாரச் சம்பளத்திலேயே அடங்கிவிட்டால், ஐந்தாவது வாரத்தில் சாப்பாட்டுச் செலவும் வாரத் தவணையும் மட்டும்தான். எங்கள் கணக்கில் 5,700இல் 3,000 போனால் 2,700 நிற்கும், ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். காலண்டரில் அந்த நான்கு நாளையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, எந்தக் கடனுக்கு என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணம் பெரும்பாலும் துணிக்கடைத் தள்ளுபடிக்கு இரையாகிறது. தள்ளுபடியில் வாங்கிய சேலையால் எவருக்கும் பணம் மிச்சமானதை நான் பார்த்ததில்லை.

தீபாவளி போனஸும் அப்படித்தான். கைக்கு வருமுன் பங்கு பிரித்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் பாதி கடனுக்கு, பாதி துணிமணிக்கும் ஊருக்குப் போய்வருவதற்கும். முழுவதையும் கடனுக்குக் கொடு என்று சொல்கிறவர்கள் பிள்ளைகள் இல்லாத வீட்டில் இருக்க வேண்டும்.

அன்றாடச் செலவைப் பற்றி நீட்ட எனக்கு விருப்பமில்லை. கத்தரிக்காயில் ஐந்து ரூபாய் பேரம் பேசிக் கடன் அடைத்தவர் கிடையாது. மூன்றை மட்டும் விடாதீர்கள். ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருக்கிறது என்று இங்கே கடையில் அரிசி வாங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், தமிழ்நாட்டுக்குள் வேறு ஊர் ரேஷன் கடையிலும் வாங்கிக்கொள்ளும் வசதி 2020இலேயே வந்துவிட்டது. பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிற மாதத்தில் வாங்கத் தவறாதீர்கள். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணம் இல்லை, அவசரம் இல்லாத நாளில் ஷேர் ஆட்டோ எதற்கு?

கடனை உண்மையில் உண்டாக்குவது செய்முறைதான், அதாவது உறவுக்காரர் விசேஷங்களுக்கு வைக்கிற மொய்யும் சீரும். நாங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை என்று எது வந்தாலும் மொய் நோட்டைப் புரட்டித்தான் போக வேண்டும். மொய் என்பது வட்டியில்லாக் கடன் என்று பெருமையாகச் சொல்வார்கள். திருப்பிக் கொடுக்கும் தேதி நம் கையில் இல்லை, போட்டதற்கு மேல் வைத்துத் திருப்ப வேண்டும் என்கிற இரண்டையும் சேர்த்தால் அது அவ்வளவு மலிவான கடன் இல்லை. “திடீரென்று வந்துவிட்டது” என்று சொல்லி வாரவட்டிக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது, அக்காள் மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆனது உனக்குத் தெரியாதா என்பதுதான்.

மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள். நமக்கு ஆயிரத்துக்கு மேல் செய்தவர்களை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் அடுத்த இரண்டு ஆண்டில் என்ன விசேஷம் வரக்கூடும் என்று எதிரே குறியுங்கள். எந்தப் பெண்ணுக்குச் சடங்கு வயது, எந்தப் பையனுக்கு வரன் பார்க்கிறார்கள், யார் வீடு கட்டத் தளம் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் மாமியாரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். தொகையைக் கூட்டி 104 வாரத்தால் வகுங்கள். எங்களுக்கு வாரம் 300 வந்தது. அது வாடகைபோல, கட்டாயம் எடுத்துவைக்க வேண்டிய பணம். மகளிர் உரிமைத் தொகை கிடைக்கிறவர்கள் 15ஆம் தேதி வருகிற ஆயிரத்தை அப்படியே இதற்கு ஒதுக்கலாம். ஆடி, புரட்டாசி, மார்கழியில் எங்கள் பக்கம் முகூர்த்தம் வைப்பதில்லை, அந்த மாதங்களில் செய்முறைப் பணம் சேரும். ஆவணியிலும் தையிலும் கரையும். தாய்மாமன் சீர் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. அதை அண்ணன் தம்பிகள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிப் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். பேசத் தயங்கினால், மூத்தவர் தலையில் முழுவதும் விழும்.

ஜாமீன் கையெழுத்தையும் கடன் பட்டியலிலேயே எழுதுங்கள். குழுவில் பக்கத்து வீட்டுக்காரி கட்டாத வாரம் நீங்கள் கட்டினால், அது உங்கள் செலவுதான்.

கடன் முடிகிற நாளில் கையில் வாங்க வேண்டியவற்றை மறக்காதீர்கள். கைமாற்றுக் கடனுக்குப் புரோநோட்டைத் திரும்ப வாங்குங்கள், வெற்றுக் காசோலை கொடுத்திருந்தால் அதையும் எண் பார்த்து வாங்குங்கள். தர மறுத்தாலோ அநியாய வட்டி கேட்டு மிரட்டினாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம், 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. குழுக் கடனுக்குக் கணக்கு முடித்த சான்று கேளுங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், இரண்டு மூன்று மாதம் கழித்து அதில் உங்கள் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். வண்டிக் கடனுக்குத் தடையில்லாச் சான்றோடு படிவம் 35 வாங்கி ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்தால்தான் ஆர்சி புத்தகத்திலிருந்து கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் நீங்கும்.